டேக்வாண்டோ பள்ளியின் தரத்தைச் சரிபார்ப்பது முதல் குக்கிவோன் சான்றிதழ் பெறுவது வரை: முழுமையான வழிகாட்டி

பிள்ளையை டேக்வாண்டோ வகுப்பில் சேர்க்க நினைக்கும் பெற்றோருக்காகவும், தம் மாணவர்களை முதன்முறையாகக் கருப்புப் பட்டைத் தேர்வுக்கு அனுப்பப்போகும் இளம் பயிற்றுநர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். இரு தரப்பினரும் ஒரே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். பயிற்சி மூன்று நான்கு ஆண்டுகள் ஒழுங்காக நடக்கிறது. சான்றிதழுக்கான வேலையோ கடைசி இரண்டு வாரங்களில் அவசர அவசரமாக நடக்கிறது. அதற்குள் பணம் கட்டியாகிவிடும், பெயர் தவறாகப் பதிவாகியிருக்கும், அல்லது அந்தப் பள்ளியால் அந்தச் சான்றிதழைத் தரவே முடியாது என்பது அப்போதுதான் தெரியவரும்.

ஆகவே கீழே உள்ள படிகளின் வரிசையை மாற்றாதீர்கள். முதல் ஐந்து படிகள் சேர்வதற்கு முன்னும் சேர்ந்த முதல் வாரத்திலும் முடிய வேண்டியவை. ஏற்கெனவே சேர்ந்துவிட்டவர்களும் அவற்றை ஒருமுறை பார்த்துவிட்டே தேர்வுப் பகுதிக்கு வரவேண்டும்.

தொடங்கும் முன் கையில் வைத்திருக்க வேண்டியவை

பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், ஆதார், இருந்தால் பாஸ்போர்ட், வெள்ளைப் பின்னணியில் எடுத்த புகைப்படம், ஒரு தனிக் குறிப்பேடு. இவற்றுள் பலரும் அலட்சியப்படுத்துவது குறிப்பேட்டைத்தான். சேர்ந்த தேதி, ஒவ்வொரு பட்டைத் தேர்வின் தேதி, தேர்வு நடத்தியவரின் பெயர், கட்டிய தொகை, ரசீது எண் ஆகியவற்றை அன்றன்றே எழுதி வையுங்கள். பயிற்றுநர் ஊர் மாறினாலோ பள்ளி மூடப்பட்டாலோ, பிள்ளை பயின்ற காலத்துக்குக் கையில் நிற்கும் சான்று அது ஒன்றுதான்.

1. பள்ளி எந்த மரபைச் சேர்ந்தது என்று கேளுங்கள்

டேக்வாண்டோ என்ற ஒரே பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட மரபுகள் கற்பிக்கப்படுகின்றன. தென் கொரியத் தலைநகர் சியோலில் உள்ள குக்கிவோன் என்ற டேக்வாண்டோ நிறுவனம் வழங்கும் டான், அதாவது கருப்புப் பட்டை நிலைச் சான்றிதழைப் பின்பற்றுவது ஒரு மரபு. ஒலிம்பிக்கில் நடப்பது இந்த மரபின் போட்டிதான். சோய் ஹோங் ஹி 1966இல் தொடங்கிய சர்வதேச டேக்வாண்டோ கூட்டமைப்பின் மரபு மற்றொன்று, இதை ஐ.டி.எஃப். என்று சொல்வார்கள். இவை இரண்டிலும் சேராமல், சொந்தமாகப் பாடத்திட்டம் வகுத்துச் சொந்தச் சான்றிதழ் தரும் பள்ளிகளும் உண்டு.

எது உயர்ந்தது என்பது இங்கே கேள்வியன்று. ஒரு மரபில் பெற்ற கருப்புப் பட்டை மற்றதில் தானாகச் செல்லாது என்பதே நாம் கவனிக்க வேண்டியது. ஐ.டி.எஃப். பள்ளியில் ஐந்தாண்டு உழைத்துப் பட்டை வாங்கிய மாணவி, குக்கிவோன் மரபில் நடக்கும் உலக டேக்வாண்டோ அமைப்பின் போட்டிக்குப் பெயர் கொடுக்கும் நாளில்தான் இதை அறிந்து அழுததை நான் நேரில் பார்த்திருக்கிறேன். அவளுக்கு யாரும் பொய் சொல்லவில்லை. அவள் வீட்டில் யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

தாக்கும், தடுக்கும் அசைவுகளைக் குறித்த வரிசையில் செய்யும் பயிற்சியை வரிசைப் பாடம் என்பார்கள். மரபைக் கண்டுபிடிக்க அதைப் பற்றி எளிய கேள்வி ஒன்று உண்டு. "பிள்ளை முதலில் கற்கும் வரிசைப் பாடம் எது, மாஸ்டர்?" என்று கேளுங்கள். "தேகுக் இல் ஜாங்" என்று பதில் வந்தால் அது குக்கிவோன் பாடத்திட்டம். அங்கே இந்தப் பாடங்களைப் பூம்சே என்பார்கள். "சோன்-ஜி" என்று வந்தால் ஐ.டி.எஃப். மரபு, அங்கே அவற்றைத் துல் என்பார்கள், மொத்தம் 24 உண்டு. நிறுவனர் 2002இல் மறைந்த பிறகு ஐ.டி.எஃப். என்ற அதே பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட அமைப்புகள் இயங்குவதால், அந்தப் பள்ளியில் சேர்வோர் சான்றிதழ் எந்த ஊரில் உள்ள தலைமையகத்திலிருந்து வருகிறது என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இனி வரும் படிகள் குக்கிவோன் மரபைச் சேர்ந்தவை. நம் ஊரில் பெற்றோர் அதிகம் கேட்பதும் ஏமாறுவதும் இந்தச் சான்றிதழ் குறித்துத்தான்.

2. எந்த அமைப்பு என்ன செய்கிறது என்று பிரித்துக்கொள்ளுங்கள்

குக்கிவோன் டான், பூம் (15 வயது நிறையாதவர்களுக்கு டானுக்கு இணையான நிலை) தகுதிகளைப் பதிவு செய்து சான்றிதழ் தருகிறது. பயிற்றுநர்களுக்கும், தேர்வு நடத்தி மதிப்பிடும் தேர்வாளர்களுக்கும் பாடநெறி நடத்துகிறது. உலக டேக்வாண்டோ அமைப்பு போட்டிகளையும் அவற்றின் விதிகளையும் நடுவர்களையும் கவனிக்கிறது. 1973இல் தொடங்கிய இந்த அமைப்பு, 2017 வரை உலக டேக்வாண்டோ சம்மேளனம் என்ற பெயரில் இயங்கியதால், பழைய சான்றிதழ்களில் அந்தப் பெயர் இருக்கும். குக்கிவோனும் இதுவும் வெவ்வேறு நிறுவனங்கள். தேசிய, மாநில, மாவட்டச் சங்கங்களின் முதன்மைப் பணி போட்டிகளுக்கு அணி தேர்ந்தெடுப்பது.

இதைப் பிரித்துக்கொள்ளாதவர்கள், மாவட்டப் போட்டியில் கலந்துகொண்டதற்கான சான்றிதழைத் தகுதிச் சான்றிதழ் என்றும், சங்கம் தரும் கருப்புப் பட்டைக் காகிதத்தைக் குக்கிவோன் சான்றிதழ் என்றும் எண்ணிக்கொள்கிறார்கள்.

இந்தியாவில் ஒரே காலத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட அமைப்புகள் தம்மைத் தேசிய அமைப்பு என்று சொல்லிக்கொண்ட காலம் உண்டு. அதனால் சென்ற ஆண்டு கேள்விப்பட்டதை இந்த ஆண்டுக்கும் நம்ப வேண்டாம். உலக டேக்வாண்டோ அமைப்பின் இணையதளத்தில் நாடுவாரியாக உறுப்புச் சங்கங்களின் பட்டியல் இருக்கிறது. மத்திய விளையாட்டு அமைச்சகமும் அங்கீகரித்த சம்மேளனங்களின் பட்டியலை வெளியிடுகிறது. பிள்ளையைப் போட்டிக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால், இரண்டையும் நீங்களே அன்றைய தேதியில் திறந்து பாருங்கள்.

3. சுவரில் மாட்டியிருக்கும் காகிதங்களை வாசியுங்கள்

பள்ளிக்குள் நுழைந்ததும் சட்டமிட்ட சான்றிதழ்கள் வரிசையாகத் தெரியும். பெற்றோர் பெரும்பாலும் எண்ணிக்கையைப் பார்த்து நிறைவடைந்துவிடுகிறார்கள். ஐந்து நிமிடம் நின்று ஒவ்வொன்றையும் படியுங்கள். அவை நான்கு வகையில் ஒன்றாகவே இருக்கும்.

முதல் வகை சட்டப் பதிவு. தமிழ்நாட்டில் பல சங்கங்கள் 1975ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் பதிவு செய்யப்பட்டவை. சிறு நிறுவனமாக உத்யம் பதிவு வைத்திருப்போரும் உண்டு. பெயர்ப்பலகையில் "அரசுப் பதிவு பெற்றது" என்று எழுதுவது இதை வைத்துத்தான். அப்படி எழுதுவதில் பொய் இல்லை. ஆனால் அந்தப் பதிவைத் தரும் அலுவலகம் யார் எப்படி உதைக்கக் கற்றுத்தருகிறார் என்பதைப் பார்ப்பதில்லை. முகவரியும் உறுப்பினர் பட்டியலும் விதிமுறைகளும் சரியா என்றே பார்க்கிறது. "பதிவு பெற்றது" என்பதும் "அங்கீகாரம் பெற்றது" என்பதும் ஒன்றல்ல.

இரண்டாம் வகை ஐ.எஸ்.ஓ. 9001 போன்ற மேலாண்மைச் சான்று. ஐ.எஸ்.ஓ. தரநெறிகளை வகுக்கிறதே ஒழிய, தானே யாருக்கும் சான்றிதழ் தருவதில்லை. வெளி நிறுவனங்கள் தணிக்கை செய்து தருகின்றன. அப்படித் தணிக்கை செய்யப்படுவது கோப்புகளையும் பணிமுறையையும் ஒழுங்காக வைத்திருக்கிறார்களா என்பது. டேக்வாண்டோவின் தரத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை.

மூன்றாம் வகை போட்டி, முகாம், கருத்தரங்கு ஆகியவற்றில் பங்கேற்ற சான்றிதழ். பயிற்றுநர் தொடர்ந்து கற்றுக்கொள்கிறார் என்பதற்கு இது நல்ல அடையாளம். தகுதி வேறு.

நான்காம் வகையே நாம் தேடுவது: பயிற்றுநரின் பெயரில் குக்கிவோன் வழங்கிய டான் சான்றிதழ். அதில் பெயர், பிறந்த தேதி, டான் நிலை, பதிவெண், வழங்கிய தேதி ஆகியவை இருக்கும். இந்த ஒன்று இல்லாமல் மற்ற மூன்று வகையும் சுவர் நிறைய இருந்தால் அடுத்த படியில் கூடுதலாகக் கேளுங்கள்.

4. பயிற்றுநரின் டானையும், பரிந்துரைக்கப்போகிறவரின் டானையும் சரிபாருங்கள்

குக்கிவோன் இணையதளத்தில் டான், பூம் விவரங்களைச் சரிபார்க்க வசதி உண்டு. பெயர், பிறந்த தேதி, சான்றிதழ் எண் ஆகியவற்றைச் சான்றிதழில் உள்ளபடியே கொடுத்தால் பதிவு தெரியவரும். பயிற்றுநரின் அனுமதியோடு அவர் முன்னிலையிலேயே செய்வது மரியாதை. தகுதியுள்ளவர் யாரும் இதற்கு வருந்த மாட்டார். நான் என் பள்ளியில் சேர வருகிறவர்களிடம் நானே கைபேசியில் திறந்து காட்டிவிடுகிறேன்.

இங்கே பெரும்பாலோர் கேட்க மறப்பது பரிந்துரையாளர் பற்றி. மாணவரைக் குக்கிவோன் சான்றிதழுக்குப் பரிந்துரைக்க, குறைந்தது நான்காம் டான் தகுதி வேண்டும். இரண்டாம் டான் உள்ள ஒருவர் மிகச் சிறப்பாகக் கற்பிக்கலாம், அதில் குறையில்லை. ஆனால் மாணவர் பெயரை அவரால் அனுப்ப முடியாது, வேறொருவர் அனுப்ப வேண்டும். ஆகவே கேள்வியை இப்படிக் கேளுங்கள்: "மாஸ்டர், பிள்ளைக்குக் கருப்புப் பட்டைத் தேர்வு வரும்போது யார் பரிந்துரைப்பார்கள்? அவர்கள் டான் விவரத்தைக் குறித்துக்கொள்ளலாமா?" பெயரும் ஊரும் உடனே வந்தால் நல்லது. "அதெல்லாம் அப்போது பார்த்துக்கொள்ளலாம்" என்ற பதிலைக் குறிப்பேட்டில் தேதியுடன் எழுதி வைத்து, அடுத்த மாதம் மறுபடியும் கேளுங்கள்.

டானின் நம்பகத்தன்மையைக் கணக்குப் போட்டே ஓரளவு அறியலாம். முதல் டானிலிருந்து இரண்டுக்கு 1 ஆண்டு, இரண்டிலிருந்து மூன்றுக்கு 2, மூன்றிலிருந்து நான்குக்கு 3, பிறகு 4, 5, 6 ஆண்டுகள், ஏழிலிருந்து எட்டுக்கு 8, எட்டிலிருந்து ஒன்பதுக்கு 9 ஆண்டுகள் குறைந்தபட்சக் காத்திருப்பு. பதினைந்து வயதில் முதல் டான் பெற்றவர் ஒரு நாளும் தாமதிக்காமல் ஏறினாலும் நான்காம் டானுக்கு 21 வயதும், ஆறாம் டானுக்கு 30 வயதும், ஒன்பதாம் டானுக்கு 53 வயதும் ஆகிவிடும். சிறுவயதில் பூம் பெற்றுத் தொடங்கியவர்களுக்கு நான்காம், ஐந்தாம் டான்களில் மூன்று ஆண்டு சலுகை உண்டு. நாற்பது வயதில் ஒன்பதாம் டான் என்று சுவரொட்டி சொன்னால், அது வேறு ஏதோ அமைப்பு தந்ததாக இருக்க வேண்டும்.

டான் என்பது ஒருவரின் சொந்தத் தேர்ச்சி. கற்பிக்கும் தகுதி தனி. குக்கிவோன் சர்வதேசப் பயிற்றுநர் உரிமங்களை மூன்று வகுப்புகளாக வழங்குகிறது. நான்காம், ஐந்தாம் டான் உள்ளவர்கள் மூன்றாம் வகுப்பு உரிமத்துக்கான பாடநெறியில் சேரலாம். தேர்வாளருக்கான பாடநெறி வேறு. இந்த உரிமம் இல்லாத நல்ல ஆசிரியர்கள் இருக்கிறார்கள் என்பதால் இதைக் கட்டாயமாக வைக்க மாட்டேன். ஆனால் இருந்தால் அந்தப் பள்ளிக்குக் கூடுதல் மதிப்பு தருவேன்.

5. ஒரு வகுப்பு முழுவதும் உட்கார்ந்து பாருங்கள்

சான்றிதழ் சொல்லாத தரத்தைக் கண்தான் சொல்ல வேண்டும். ஒரு மணி நேர வகுப்பைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை பாருங்கள். பாதியில் போய்ப் பாதியில் திரும்பாதீர்கள். உடலைச் சூடாக்கும் பகுதியும் கடைசியில் தளர்த்தும் பகுதியும் இருக்கின்றனவா என்பது அப்போதுதான் தெரியும்.

பயிற்றுநரின் தரத்தை அறிய, சுழல் உதை கற்பிக்கும் நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். கொரிய மொழியில் இதைத் தோல்யோ சாகி என்பார்கள். புதியவர்கள் எல்லாரும் உதைக்கும் காலையே பார்ப்பார்கள்: எவ்வளவு உயரம், எவ்வளவு ஓசை. நீங்கள் தரையில் ஊன்றிய காலைப் பாருங்கள். உதை போகும்போது ஊன்றிய பாதம் முன்பகுதியில் நின்று திரும்ப வேண்டும்; குதிகால் இலக்கை நோக்கி வர வேண்டும். பாதம் தரையில் ஒட்டிக்கொண்டிருக்க இடுப்பு மட்டும் திரும்பினால், அந்த முறுக்கு முழுவதும் முழங்காலில் இறங்கும். எட்டு வயதுப் பிள்ளைக்கு அன்று வலிக்காது. நூற்றுக்கணக்கான முறை செய்த பிறகு வலிக்கும். இருபது பேர் உதைத்துக்கொண்டிருக்கும்போது குனிந்து ஒருவனின் குதிகாலைத் தொட்டுத் திருப்பிவிட்டு, "இப்போது உதை" என்று சொல்லும் ஆசிரியரைக் கண்டால், சுவரில் என்ன தொங்குகிறது என்பதைப் பற்றி நான் அவ்வளவாகக் கவலைப்பட மாட்டேன்.

அடுத்தது தரை. சிமெண்டுத் தரையில் மெல்லிய விரிப்புப் போட்டு எம்பி உதைக்க விடுவது குதிகாலுக்கும் முழங்காலுக்கும் கேடு. இணைத்துப் போடும் மெத்தைப் பாளங்களுக்கிடையில் விரல் நுழையும் அளவு இடைவெளி இருந்தால், வெறுங்கால் விரல் அதில் சிக்கும். குனிந்து தொட்டுப் பாருங்கள்.

கியோருகி என்னும் மோதல் பயிற்சியில் தலைக்கவசம், மார்புக்கவசம், பல் காப்பு, கீழுடல் காப்பு, முன்கை மற்றும் கெண்டைக்கால் காப்புகள் எல்லாருக்கும் இருக்கின்றனவா, பிள்ளைகளின் அளவுக்குப் பொருந்துகின்றனவா என்று கவனியுங்கள். தலையில் பலத்த அடி பட்ட பிள்ளையை அன்று மறுபடியும் களத்தில் இறக்குவார்களா என்றும் கேளுங்கள். இறக்க மாட்டோம் என்ற பதில் தயங்காமல் வர வேண்டும்.

பெண் பிள்ளைகள் உடை மாற்றத் தனி இடம் உண்டா, பெற்றோர் எப்போது வேண்டுமானாலும் வகுப்பைப் பார்க்கலாமா, வெளியூர்ப் போட்டிக்குச் செல்லும்போது பெண் பொறுப்பாளர் வருவாரா என்பவை தயங்கிக் கேட்க வேண்டிய கேள்விகள் அல்ல. கதவைச் சாத்திக்கொண்டு நடக்கும் வகுப்பில் எவ்வளவு பெரிய டான் இருந்தாலும் பிள்ளையைச் சேர்க்காதீர்கள்.

6. வண்ணப் பட்டைக் காலத்தில் பதிவேடு வையுங்கள்

வெள்ளையில் தொடங்கும் நிலைகளைக் குப் என்பார்கள். பத்தாம் குப்பில் தொடங்கி முதல் குப் வரை எண்ணிக்கை இறங்கும். அதன் பிறகே கருப்பு. இந்தச் சான்றிதழ்களைப் பள்ளியோ சங்கமோ தருகிறது; அவற்றின் மதிப்பு தருகிறவரின் நேர்மையைப் பொறுத்தது. ஆகவே குப் சான்றிதழில் பன்னாட்டு முத்திரைகள் அச்சிட்டிருந்தாலும் மயங்க வேண்டாம்.

இங்கே நடக்கும் பெரிய பிழை வேகம். மாதம் ஒரு பட்டைத் தேர்வு வைத்துக் கட்டணம் வாங்கும் இடங்களில், பிள்ளை ஒரு பூம்சேயின் வரிசையை மனப்பாடம் செய்வதற்குள் அடுத்ததற்குத் தள்ளப்படுகிறான். தேகுக் பாடங்கள் எட்டு. ஒவ்வொன்றும் முந்தையதில் கற்ற நிலையின் மேல் கட்டப்பட்டது. என் பள்ளியில் இரண்டு தேர்வுகளுக்கிடையே குறைந்தது மூன்று மாதம் விடுகிறேன், மேல் நிலைகளில் அதைவிட அதிகம். தேர்வில் ஒருவரும் தோற்பதே இல்லை என்றால் அது தேர்வன்று என்பதே என் எண்ணம். தேறாத பிள்ளைக்கு என்ன குறை என்று எழுத்தில் தரும் பள்ளியை நம்பலாம்.

7. பெயரையும் பிறந்த தேதியையும் ஆறு மாதம் முன்பே உறுதி செய்யுங்கள்

தமிழர்கள் மிகுதியாகத் தவறும் படி இதுதான். காரணம் நம் பெயர் முறை.

கவின் என்ற பையனின் தந்தை முருகேசன் என்று வைத்துக்கொள்வோம். பள்ளிப் பதிவேட்டில் அவன் எம். கவின். ஆதாரில் கவின் எம். பாஸ்போர்ட் எடுக்கும்போது முதலெழுத்தை விரிக்கச் சொல்வதால் இயற்பெயர் கவின், குடும்பப்பெயர் முருகேசன் என்று வரும். டான் விண்ணப்பத்திலும் குடும்பப்பெயர், இயற்பெயர் என இரண்டு கட்டங்கள் உண்டு. நிரப்புகிறவர் ஆதாரைப் பார்த்துக் குடும்பப்பெயர்க் கட்டத்தில் "எம்" என்று போட்டுவிடுகிறார். சான்றிதழ் அப்படியே அச்சாகி வருகிறது. சில ஆண்டுகள் கழித்து வெளிநாட்டுப் போட்டிக்குப் பதிவு செய்யும் நாளில், பாஸ்போர்ட்டும் டான் சான்றிதழும் இரண்டு ஆட்களைக் காட்டுகின்றன.

எழுத்துக் கூட்டலும் அப்படியே. எழில், யாழினி, தமிழரசன் போன்ற பெயர்களில் வரும் ழகரத்தை ஆங்கிலத்தில் ஒருவர் இசட்-எச் என்று எழுதுவார், இன்னொருவர் எல் என்று எழுதுவார். இரண்டும் சரி; ஆனால் ஒன்றுதான் பாஸ்போர்ட்டில் இருக்கும்.

ஆகவே முதலில் பாஸ்போர்ட், பிறகு டான் விண்ணப்பம். இந்த வரிசையில் செய்தால் பாதிச் சிக்கல் வராது. பாஸ்போர்ட் எடுக்க வழியில்லையென்றால், எடுக்கும்போது எப்படி எழுதப்போகிறீர்களோ அதை இப்போதே முடிவு செய்து, ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி, பெற்றோர் கையொப்பத்துடன் பயிற்றுநரிடம் கொடுங்கள். வாய்மொழியாகச் சொல்லாதீர்கள்.

தேதியில் வரும் பிழை இன்னும் நுட்பமானது. நாம் நாள், மாதம், ஆண்டு என்று எழுதுவோம். கொரியர்கள் ஆண்டு, மாதம், நாள் என்று எழுதுவார்கள். 2011 மே 8ஆம் தேதி பிறந்தவரை நாம் 08-05-2011 என்று எழுதினால், அவசரத்தில் அது 2011-08-05 என்று ஏறி ஆகஸ்ட் 5 ஆகிவிடும். நாள் 13 அல்லது அதற்கு மேல் இருந்தால் அப்படி ஒரு மாதம் இல்லாததால் பிழை உடனே தெரிந்துவிடும். 12க்குள் இருந்தால் யார் கண்ணிலும் படாது. என் மாணவன் ஒருவனுக்கு இந்தப் பிழையை நானே செய்தேன். சான்றிதழைச் சரிபார்க்கப் போனபோது அவன் பதிவே இல்லை என்று திரை சொன்னது; அவன் தாயின் முகத்தைப் பார்க்க முடியாமல் நின்றேன். அன்று முதல் மாதத்தை எண்ணால் எழுதாமல் "மே" என்று எழுத்தால் எழுதி வாங்குகிறேன்.

8. பூமா, டானா என்று வயதைக் கணக்கிடுங்கள்

முழுமையாக 15 வயது நிறையாதவர்களுக்குப் பூம், நிறைந்தவர்களுக்கு டான். பாடமும் தேர்வும் ஏறக்குறைய ஒன்றே. வயதால் பெயர் மாறுகிறது. பூம் பெற்ற பிள்ளை பாதி சிவப்பும் பாதி கருப்பும் கொண்ட பட்டை அணிய வேண்டும். பத்து வயதுப் பிள்ளைக்கு முழுக் கருப்புப் பட்டை கட்டி "முதல் டான்" என்று சான்றிதழ் தந்தால், அது குக்கிவோன் சான்றிதழாக இருக்க முடியாது. இந்த ஒரு குறிப்பை வைத்தே பல போலிகளை இனம் காணலாம்.

அடுத்த நிலைக்கான காத்திருப்பு ஆண்டுகளைப் பட்டை கட்டிய விழா நாளிலிருந்து எண்ணாதீர்கள். சான்றிதழில் அச்சாகியுள்ள தேதியிலிருந்து எண்ணுங்கள். விழாவுக்கும் பதிவுக்கும் இடையே சில மாதம் போயிருந்தால், ஒரு தேர்வே தள்ளிப்போகும்.

9. தேர்வு நாளுக்கு ஆயத்தம்

முதல் பூம் அல்லது முதல் டான் தேர்வில் பூம்சேயும் கியோருகியும் முதன்மையானவை. பூம்சேயில் தேகுக் பாடங்களே கேட்கப்படும். கோர்யோ என்பது முதல் டான் பெற்றவர் அடுத்துக் கற்க வேண்டியது. அதை முன்கூட்டிக் கற்பிப்பதற்காகத் தேகுக் பயிற்சியைக் குறைத்துவிடும் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள். எட்டில் எதைக் கேட்பார்கள் என்று முன்கூட்டித் தெரியாது. ஆகையால் எல்லாவற்றையும், குறிப்பாக எல்லாரும் மறந்துவிடும் மூன்றாவதையும் நான்காவதையும், கடைசி மாதத்தில் தினமும் ஒருமுறை செய்ய வேண்டும்.

பரிந்துரைப்பவரைத் தவிர வேறு பள்ளியைச் சேர்ந்த ஒரு தேர்வாளரையாவது அழையுங்கள். நம் மாணவரின் குறை நம் கண்ணுக்குப் பழகிப்போயிருக்கும். புதிய கண்ணுக்கு உடனே தெரியும். மதிப்பெண் தாளில் கையொப்பம் வாங்கி, ஒவ்வொரு மாணவரின் தேர்வையும் காணொளியாக எடுத்து, கோப்பின் பெயரில் மாணவர் பெயரும் தேதியும் போட்டுச் சேமியுங்கள். தேர்வு நடந்ததா என்று பின்னாளில் யாரேனும் கேட்டால் காட்ட வேறு எதுவும் இருக்காது.

10. விண்ணப்பமும் கட்டணமும்

விண்ணப்பத்தைப் பரிந்துரையாளர் குக்கிவோனின் இணைய உறுப்பினர் அமைப்பு வழியாகவோ, தேசிய அமைப்பு வழியாகவோ அனுப்புகிறார். மாணவர் நேரடியாக அனுப்புவதில்லை. அனுப்பும் பொத்தானை அழுத்துவதற்கு முன், விவரங்கள் தெரியும் திரையைப் படமெடுத்துப் பெற்றோருக்கு அனுப்பி, "சரி" என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். பத்து நிமிட வேலை. பிறகு திருத்த வேண்டுமானால் ஆவணம், கட்டணம், காத்திருப்பு என்று பல வாரம் இழுக்கும்.

கட்டணத்தைப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள்: குக்கிவோனுக்குச் செல்லும் தொகை, அஞ்சல் செலவு, தேர்வு நடத்தும் செலவு, பட்டையும் சீருடையும், பள்ளி எடுத்துக்கொள்ளும் தொகை. பள்ளி தனக்கென ஒரு தொகை எடுப்பதில் தவறில்லை. இடமும் உழைப்பும் அவர்களுடையவை. எல்லாவற்றையும் ஒரே தொகையாகச் சொல்லி ரசீது தர மறுப்பதுதான் தவறு. முழுத் தொகை வாங்கிக்கொண்டு, உள்ளூர் அச்சகத்தில் அடித்த சான்றிதழைத் தந்த ஓர் இடத்திலிருந்து மூன்று பிள்ளைகள் என்னிடம் வந்தார்கள். மூன்று வீட்டிலும் ரசீது இல்லை. அந்தப் பிள்ளைகள் நன்றாகவே பயின்றிருந்தார்கள் என்பதுதான் எனக்கு இன்றும் ஆறாத வருத்தம். மறுபடியும் தேர்வு எழுத வேண்டியதாயிற்று.

11. பதிவேட்டில் பெயரைப் பார்த்த பிறகே விழா

சான்றிதழ் கைக்கு வந்ததும் நான்காம் படியில் சொன்ன அதே சரிபார்ப்பைப் பிள்ளையின் பெயருக்குச் செய்யுங்கள். அழகாக அச்சிட்ட காகிதத்தைவிடப் பதிவேட்டில் உள்ள ஒரு வரியே சான்று. பதிவு தெரியவில்லை என்றால் உடனே சண்டைக்குப் போகாதீர்கள். முதலில் நாளையும் மாதத்தையும் மாற்றிப் போட்டுப் பாருங்கள். அடுத்து குடும்பப்பெயர், இயற்பெயர் வரிசையை மாற்றுங்கள். முதலெழுத்தை மட்டும் போட்டுப் பாருங்கள். அப்போதும் வரவில்லையென்றால் பரிந்துரையாளரிடம் விண்ணப்பம் அனுப்பியதற்கான சான்றைக் கேளுங்கள். அவரிடமும் இல்லையென்றால் சான்றிதழின் படத்தை இணைத்துக் குக்கிவோனுக்கே மின்னஞ்சல் எழுதுங்கள்.

பதிவு தெரிந்தால் அந்தத் திரையையும் படமெடுத்து, சான்றிதழின் இரு படிகளுடன் வையுங்கள். லேமினேட் செய்யாதீர்கள், சூட்டில் தாளும் அச்சும் கெடலாம், ஒட்டியதைப் பிறகு பிரிக்க முடியாது. கண்ணாடி உறையில் வைத்தால் போதும்.

வேலைவாய்ப்பிலும் கல்லூரிச் சேர்க்கையிலும் விளையாட்டு ஒதுக்கீட்டை எண்ணி இந்தச் சான்றிதழை வாங்குவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே கேட்கப்படுவது அங்கீகரிக்கப்பட்ட போட்டிகளில் பெற்ற இடமும் அதற்குரிய படிவமும். கருப்புப் பட்டை அந்தப் போட்டிகளுக்குள் நுழையத் தேவைப்படலாம், அதற்கு மாற்றாகாது.

12. பதினைந்து நிறைந்ததும் பூமை டானாக மாற்றுங்கள்

பூம் பெற்ற பிள்ளைக்குப் பதினைந்து வயது ஆனதும் அது தானாக டான் ஆகிவிடாது. பரிந்துரையாளர் மூலம் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். பிள்ளை பத்தாம் வகுப்புக்குப் போகும் வயது அது; பலர் அந்த ஆண்டு பயிற்சியை நிறுத்திவிடுவார்கள், பள்ளியோடு தொடர்பு அறுந்துவிடும், பிறகு கல்லூரிக் காலத்தில் பழைய பயிற்றுநரைத் தேடி அலைவார்கள். பூம் சான்றிதழ் வந்த அன்றே குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் பிள்ளையின் பதினைந்தாம் பிறந்தநாளையும், பரிந்துரையாளரின் பெயரையும், அவர் டான் விவரத்தையும் எழுதி வையுங்கள்.